லைக்கன் ஸ்க்லிரோசஸ் நோயும் பூச்சு மருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லைக்கன் ஸ்க்லிரோசஸ் என்று எழுதப்பட்ட சீட்டோடு தோல் நோய்ப் பிரிவின் மருந்தகத்துக்கு வருபவர்களிடம் மருந்தைக் கொடுத்து, பயன்படுத்தும் முறையை விளக்குவது என் பணி. குரலைத் தாழ்த்தி அவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்கக் கூசி, பையில் மருந்தைப் போட்டுக்கொண்டு பேசாமல் போய்விடுபவர்களும் உண்டு. அவர்களையும் மனத்தில் வைத்தே இக்கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். இங்கே சொல்லியிருப்பது பொதுவான நடைமுறை. உங்களை நேரில் பார்த்த மருத்துவர் அளவையோ கால இடைவெளியையோ மாற்றிச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இப்படி ஒரு நோய் இருப்பதாகவே கேள்விப்பட்டதில்லையே, இது என்ன?

இது நாள்பட்ட தோல் அழற்சி நோய். பெரும்பாலும் பிறப்புறுப்பின் தோலையும் ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலையும் தாக்கும். சிலருக்கு மட்டும் முதுகு, மார்பு, தோள் போன்ற இடங்களில் வரும். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஆலப்போ 1887ஆம் ஆண்டிலேயே இதை விவரித்துவிட்டார். அரிதான நோய்தான், ஆனால் வெளியே சொல்லாமல் மறைப்பவர்கள் பலர் என்பதால் உண்மையில் இருப்பதைவிட இன்னும் அரிதாகத் தோன்றுகிறது.

பாதிக்கப்பட்ட தோல் வெளுத்து, பூண்டுத் தோலைப் போல மெலிந்து சுருங்கிக் காணப்படும். அரிப்பு, குறிப்பாக இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு, முதன்மையான தொல்லை. இலேசான உராய்வுக்கே தோல் வெடித்துக் கீறல் விழும், அடியில் இரத்தம் கட்டும். பெண்களுக்கு வெண்மை பெண்குறியையும் ஆசனவாயையும் சுற்றி 8 என்ற எண்ணின் வடிவில் பரவுவதுண்டு. கவனிக்காமல் விட்டால் உள்ளிதழ்கள் சுருங்கி மறைந்துபோகலாம், கிளிட்டோரிசின் மேல்தோல் ஒட்டிக்கொள்ளலாம், யோனியின் வாயில் குறுகலாம். யோனியின் உட்புறத்தை மட்டும் இந்நோய் பொதுவாகத் தொடுவதில்லை. பூப்படையாத சிறுமிகளிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் அதிகம் காணப்பட்டாலும், எந்த வயதிலும், ஆண்களுக்கும் வரலாம்.

இது ஒட்டிக்கொள்ளுமா? என் கணவர் என்னைத் தவறாக நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

ஒட்டாது. இது பால்வினை நோய் அன்று. கிருமி எதுவும் பரவி வருவதன்று. சுத்தமாக இல்லாததால் வருவதும் அன்று. தாம்பத்திய உறவு, கழிவறை, துண்டு, உள்ளாடை எதன் வழியாகவும் மற்றவருக்குப் போகாது. உங்கள் கணவருக்கு ஐயம் இருந்தால் அடுத்த முறை அவரையும் அழைத்து வாருங்கள். மருத்துவர் இதையே அவரிடமும் நேரில் சொல்வார்.

அப்படியானால் எனக்கு எதனால்தான் வந்தது?

உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் தோலையே தாக்குவதுதான் அடிப்படை என்று கருதப்படுகிறது. தோலின் ஈசிஎம்1 என்னும் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பாதிக்கப்பட்ட பெண்கள் பலரின் இரத்தத்தில் கண்டறியப்பட்டுள்ளன. தைராய்டு கோளாறு, வெண்புள்ளி போன்ற தன்னெதிர்ப்பு நோய்களும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதால், மருத்துவர் தைராய்டு பரிசோதனை எழுதிக் கொடுத்தால் அதைத் தேவையற்ற செலவாக நினைக்க வேண்டாம். சில குடும்பங்களில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கும் வருவதுண்டு.

உராய்வும் சிறுநீர் ஈரமும் இந்நோயைத் தூண்டிவிடும். இறுக்கமான ஆடை, நகத்தால் சொறிவது, சிறுநீர்க் கசிவு ஆகியவை வெறும் அசௌகரியங்கள் அல்ல. நோயை வளர்க்கும் காரணிகளும்கூட.

இரண்டு வருடமாகப் பூஞ்சை என்று சொல்லித்தான் மருந்து கொடுத்தார்கள். இப்போது மட்டும் இது வேறு நோய் என்று எப்படித் தெரிந்தது?

பிறப்புறுப்பில் அரிப்பு என்றால் முதலில் பூஞ்சைத் தொற்று என்று எண்ணுவது இயல்புதான், ஏனென்றால் அதுவே அதிகம் காணப்படுகிறது. ஆனால் நோயாளி கூச்சத்தால் வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள, பார்க்காமலே மருந்து எழுதப்படுவதும் நடக்கிறது, மாத்திரையும் கிரீமும் மாறி மாறி வருடங்கள் ஓடுகின்றன. தோல் மருத்துவரோ மகப்பேறு மருத்துவரோ கண்ணால் பார்த்தால் பெரும்பாலும் அடையாளம் கண்டுவிட முடியும். வெண்புள்ளியில் நிறம் மட்டுமே போகும், தோலின் தன்மை மாறாது, கீறலும் சுருக்கமும் இருக்காது. இதில் அவை இருக்கும்.

ஐயம் இருந்தாலோ, தடிப்போ ஆறாத புண்ணோ இருந்தாலோ, மருந்துக்குக் கட்டுப்படாவிட்டாலோ பயாப்சி தேவைப்படும். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து சில மில்லிமீட்டர் தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பயாப்சி செய்தால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

என்ன மருந்து இது? தெருமுனைக் கடையில் வாங்கிய கிரீமிலும் இதே பெயர்தான் இருந்தது, அதையே போடலாமா?

உங்களுக்குக் கொடுத்திருப்பது க்ளோபெட்டசால் புரோப்பியோனேட் 0.05% களிம்பு. பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. லைக்கன் ஸ்க்லிரோசஸுக்கு உலகெங்கும் முதல் மருந்தாக இதையே பரிந்துரைக்கிறார்கள். சில மருத்துவர்கள் மொமெட்டசோன் 0.1% களிம்பை எழுதுவதும் உண்டு.

கடையில் அரிப்புக்கென்று எடுத்துக் கொடுக்கும் பல கிரீம்களில் க்ளோபெட்டசாலோடு பூஞ்சை மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்திருக்கும். அந்தக் கலவையின் மற்ற மருந்துகள் இந்நோய்க்குத் தேவையில்லை, எரிச்சலையும் ஒவ்வாமையையும் உண்டாக்கவும் கூடும். அரிப்பு வரும்போது இரண்டு நாள், நின்றதும் விடுவது என்று அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு நோய் முழுமையாக அடங்குவதே இல்லை, படர்தாமரை உள்ளவர்களுக்கோ அது பரவித் தீராத தொல்லையாகிவிடுகிறது. இந்த நிலையைக் கருதித்தான் 2018இல் இந்திய அரசு ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச்சுக்குள் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் கேட்டால் இன்றும் கொடுக்கிறார்கள் என்பதை அறிவேன். தயவுசெய்து அப்படி வாங்க வேண்டாம்.

ட்யூபோடு வந்த தாளில் "பிறப்புறுப்பில் தடவக் கூடாது" என்று போட்டிருக்கிறதே! டாக்டர் தெரியாமல் எழுதிவிட்டாரா?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். சிகிச்சை பாதியில் நிற்பதற்கு நான் கண்ட பெரிய காரணமும் இதுதான். மருத்துவர் தெரிந்தே எழுதியிருக்கிறார். அந்தத் தாள் இம்மருந்தை எந்த நோய்க்கும் எவரும் பயன்படுத்தக்கூடும் என்று எண்ணிப் பொதுவாக அச்சிடப்பட்டது. தொடையிடுக்கு, பிறப்புறுப்பு போன்ற இடங்களில் காரணம் தெரியாத அரிப்புக்கு வீரியமான ஸ்டீராய்டைப் பூசுவது தவறு என்பதால் அந்த எச்சரிக்கை அவசியமாகிறது. உறுதிசெய்யப்பட்ட லைக்கன் ஸ்க்லிரோசஸ் அந்த விதிக்கு விலக்கு. இங்கே மருந்து கட்டுப்படுத்தும் அழற்சியே தோலைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

தோல் மெலிந்துவிடுமே என்ற கவலையும் இதோடு சேர்ந்தே வரும். சொன்ன அளவில், வெளுத்த இடத்தில் மட்டும் பூசினால் அப்படி நேர்வது மிகவும் குறைவு. இதழ்களின் உட்புறத் தோல் இம்மருந்தை நன்றாகவே தாங்கும். தொடையும் ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலும் அவ்வளவு தாங்கா. அங்கே தேவையின்றி வழியவிட்டால் தோல் சிவக்கலாம், தொடையில் வரிகள் விழலாம். ஆகவே பயந்து மருந்தை விடுவதைவிட, எங்கே பூச வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்வதே பாதுகாப்பு. முதல் முறை மருத்துவரிடமோ செவிலியரிடமோ ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்து இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடம், என் கருத்தில், சீட்டில் எழுதிய மருந்துக்கு நிகரானது.

எவ்வளவு எடுத்து, எத்தனை நாள் பூச வேண்டும்?

வழக்கமான முறை மூன்று மாதங்களுக்கானது. முதல் 4 வாரம் தினமும் இரவில் ஒரு முறை. அடுத்த 4 வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். அதற்கடுத்த 4 வாரம் வாரத்துக்கு இரண்டு முறை. நடுவில் அரிப்போ கீறலோ திரும்பினால், எந்த இடைவெளியில் நன்றாக இருந்ததோ அதற்குத் திரும்பச் சொல்வார்கள்.

பெரியவர் ஒருவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ட்யூபைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். ஒரு வேளைக்கு அதுவே மேல்வரம்பு. பலருக்கு அதில் பாதியே போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 28 இரவு, 14 இரவு, 8 இரவு என மூன்று மாதத்தில் மொத்தம் 50 முறை, முழு அளவே எடுத்தாலும் 25 கிராம்தான் ஆகும். 30 கிராம் மருந்து மூன்று மாதத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டால் அதிகம் பூசுகிறீர்கள். முதல் மாதம் முடிந்தும் ட்யூப் புதிதாகவே இருந்தால், பூச வேண்டிய அளவு பூசவில்லை.

குளித்தோ வெந்நீரில் அலம்பியோ, ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு, மெல்லிய படலமாகப் பூசித் தோலில் சேரும்வரை மெதுவாகத் தேய்த்தால் போதும். வேறு ஈரப்பதக் களிம்பும் போடுவதானால் இரண்டுக்கும் இடையே இருபது நிமிடமாவது விடுங்கள். பூசிய பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள். மருந்துள்ள விரல் கண்ணில் படக் கூடாது.

களிம்பு பிசுபிசுவென்று இருக்கிறது. அதே மருந்தைக் கிரீமாகக் கொடுக்க மாட்டீர்களா?

மருத்துவர் எழுதினால் கொடுக்கலாம், ஆனால் முதல் தேர்வு களிம்புதான். கிரீமில் நீர் இருப்பதால் கெடாமல் காக்கும் பொருள்களையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. வெடித்த தோலில் அவை எரியும், ஒவ்வாமையும் உண்டாக்கும். களிம்பில் அவை பெரும்பாலும் இல்லை, தோலில் நெடுநேரம் நிற்கவும் செய்யும். பிசுபிசுப்பு இரவோடு போய்விடுவதால்தான் படுக்கப்போகும் நேரத்தில் பூசச் சொல்கிறோம். பாரஃபின் அடிப்படையிலான களிம்புகள் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த ஆடையோடு அடுப்பருகே நிற்க வேண்டாம்.

பூசியதும் எரிகிறது. நிறுத்திவிடலாமா?

கீறல்கள் ஆறும்வரை முதல் சில நாள் எரிவது வழக்கம். சில நிமிடங்களில் தணிந்தால் தொடருங்கள். எரிச்சல் ஒவ்வொரு நாளும் கூடினாலோ, தோல் செக்கச்சிவந்து வீங்கினாலோ, தயிர் போன்ற வெள்ளைப்படுதல் தொடங்கினாலோ, கொப்புளங்கள் வந்தாலோ நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள். முதல் இரண்டும் ஒவ்வாமையாக இருக்கலாம், வெள்ளைப்படுதல் பூஞ்சையும் கொப்புளங்கள் அக்கியும் கிளம்பியதைக் காட்டக்கூடும்.

சோப்பு போட்டு, வேப்பிலை மஞ்சள் அரைத்துத் தடவி, கிருமிநாசினி கலந்த வெந்நீரில் கழுவுகிறேன். அப்படியும் ஏன் குறையவில்லை?

இது கிருமியால் வந்த நோய் அன்று என்பதை மேலே சொன்னேன். கொல்ல வேண்டிய கிருமி இல்லாத இடத்தில் கிருமிநாசினி தோலைத்தான் புண்ணாக்கும். வேப்பிலையும் மஞ்சளும் வேறு சிலவற்றுக்கு நன்மை செய்யலாம், வெடித்த இந்தத் தோலுக்கு அவை உறுத்தல்தான். வெறும் நீரே போதும். சோப்புக்குப் பதிலாக மணமில்லாத ஈரப்பதக் களிம்பைத் தடவி அலம்பலாம். சிறுநீர் கழிக்குமுன் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசினால் எரிச்சல் குறையும். உள்ளாடை தளர்வான பருத்தியில் இருக்கட்டும், நாப்கினை நெடுநேரம் மாற்றாமல் வைத்திருக்க வேண்டாம்.

அரிப்பு நின்றுவிட்டது, ஆனால் வெள்ளை போகவில்லை. மருந்து வேலை செய்கிறதா, நிறுத்தலாமா?

இதற்கு இரண்டு பகுதியாகப் பதில் சொல்ல வேண்டும். அரிப்பு சில வாரங்களில் அடங்கும். கீறல், இரத்தக்கட்டு, சொரசொரப்பு அதன்பின் மெல்ல மறையும். நிறம் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். ஏற்கெனவே சுருங்கிய இதழ்களும் ஒட்டிப்போன தோலும் மருந்தால் பழைய நிலைக்கு வருவதில்லை. சிகிச்சையை நோய் தொடங்கிய உடனே தொடங்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். தோல் மிருதுவாகி வளைந்து கொடுத்தால், வெண்மை கொஞ்சம் மிச்சம் இருந்தாலும், மருந்து தன் வேலையைச் செய்கிறது.

நிறுத்துவதைப் பொறுத்தவரை, இது அடக்கிவைக்கக்கூடிய நோய், அடியோடு தீர்ந்துவிடுவது அரிது. மூன்று மாதத்துக்குப் பின்னும் வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ பூசிவருவதைப் பல மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். வருடத்துக்கு 30 முதல் 60 கிராம்வரை பலருக்குத் தேவைப்படும். ஆஸ்திரேலியாவில் 507 பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருந்தை ஒழுங்காகத் தொடர்ந்த 357 பேரில் ஒருவருக்கும் அங்கே புற்றுநோயோ அதன் முன்னோடி மாற்றமோ வரவில்லை. விட்டு விட்டுப் பூசிய 150 பேரில் 7 பேருக்கு வந்தது. தழும்பும் ஒட்டுதலும்கூடத் தொடர்ந்து பூசியவர்களிடம் மிகக் குறைவாகவே கூடின.

புற்றுநோய் என்கிறீர்களே! எனக்கும் வந்துவிடுமா?

பெரும்பாலோருக்கு வராது. சிகிச்சை சரியாக இல்லாதவர்களையும் சேர்த்தே, பெண்குறிப் புற்றுநோய்க்கான வாழ்நாள் வாய்ப்பு 100க்கு 5 பேருக்கும் குறைவு என்று கணக்கிடப்படுகிறது. மேலே சொன்ன ஆய்வு காட்டுவதுபோல், அதைக் குறைக்கும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. மாதம் ஒரு முறை கண்ணாடியில் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், புதிய கட்டி, தடித்த திட்டு, காரணமில்லாத இரத்தக்கசிவு, ஓரிடத்தில் மட்டும் நீங்காத வலி என எது தென்பட்டாலும் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒன்றும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் மகளுக்கு ஏழு வயதுதான் ஆகிறது. இவ்வளவு வீரியமான மருந்தைக் குழந்தைக்குப் போடலாமா?

போடலாம், சிறுமிகளுக்கும் இதே களிம்புதான், மருத்துவர் சொல்லும் காலத்துக்கு, மிகச் சிறிய அளவில், தாயோ பாட்டியோ பூசிவிட வேண்டும். சிறுமிகள் அரிப்பைச் சொல்லாமல், மலம் கழிக்கும்போது வலிக்கிறதென்று அடக்கிவைப்பார்கள். அதனால் மலச்சிக்கல், அதனால் மேலும் கீறல் என்று ஒன்றையொன்று வளர்க்கும். மலம் இளகுவதற்கான மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள். பூப்படைந்ததும் தானாகப் போய்விடும் என்று முன்பு நம்பினார்கள். எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை, ஆகவே அதன் பிறகும் பரிசோதனை தொடர வேண்டும்.

இன்னொன்றைத் தயங்காமல் சொல்கிறேன். இந்நோயின் இரத்தக்கட்டுகளைப் பார்த்துக் குழந்தைக்கு யாரோ தீங்கிழைத்துவிட்டார்கள் என்று குடும்பமே கலங்கியதுண்டு. அது நோயால் வந்ததா என்பதை அனுபவமுள்ள மருத்துவரால் சொல்ல முடியும். அதே நேரம், நோய் இருக்கிறது என்பதனாலேயே வேறொன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. குழந்தை எதையாவது சொன்னால் முழுமையாகக் கேளுங்கள்.

ஆண்களுக்கும் வரும் என்றீர்கள். என் முன்தோல் பின்னால் நகரவே மாட்டேன் என்கிறது, இதற்கும் களிம்புதானா?

ஆம், தொடக்கத்தில் இதே களிம்பை நாளொன்றுக்கு ஒரு முறை, ஒன்று முதல் மூன்று மாதம்வரை பூசுவார்கள். முன்தோலுக்கு அடியில் தேங்கும் சிறுநீர் ஆண்களிடம் முக்கியத் தூண்டுதல். பிறந்த சில நாள்களிலேயே சுன்னத் செய்யப்பட்டவர்களுக்கு இந்நோய் அரிது. மருந்தால் இறுக்கம் தளராவிட்டால் முன்தோலை நீக்கும் அறுவை சிகிச்சை பெரும்பாலோருக்கு நல்ல பலன் தருகிறது. சிறுநீர்த் தாரை மெலிந்தாலோ சிதறினாலோ சிறுநீர்த்துளை குறுகியிருக்கலாம், அதற்குச் சிறுநீரக அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கர்ப்பமாக இருக்கும்போது பூசலாமா? உறவு வைத்துக்கொள்ளலாமா?

இந்நோய்க்குத் தேவைப்படும் சிறிய அளவைக் கர்ப்ப காலத்திலும் மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள். கர்ப்ப காலம் முழுவதிலும் மொத்தம் 300 கிராமுக்கு மேல் வீரியமான ஸ்டீராய்டு பூசியவர்களிடம்தான் குழந்தையின் எடை குறைவதோடு தொடர்பு காணப்பட்டது. முன்பு போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் நீங்கள் அதன் அருகில்கூட வரமாட்டீர்கள். இருந்தாலும் கர்ப்பத்தை மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள்.

உறவுக்குத் தடையில்லை. கீறல்கள் ஆறும்வரை பொறுத்திருப்பது நல்லது, வலித்தால் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். உறவுக்குச் சற்று முன் மருந்தைப் பூசாதீர்கள். பெட்ரோலியம் கலந்த களிம்பு லேட்டக்ஸ் ஆணுறையைப் பலவீனப்படுத்திக் கிழியச் செய்யும். மாதவிடாய் நின்ற பிறகு வரும் உலர்ச்சிக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் தனியாகத் தேவைப்படலாம். அது இந்நோயின் மருந்துக்கு மாற்று ஆகாது.

ஸ்டீராய்டே வேண்டாம், டாக்ரோலிமஸ் அல்லது லேசர் நல்லது என்கிறார்களே?

டாக்ரோலிமஸ் களிம்பும் பிமெக்ரோலிமஸ் கிரீமும் ஸ்டீராய்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அதற்குக் கட்டுப்படாதவர்களுக்கும் இரண்டாம் நிலையில் பயன்படுகின்றன. தொடக்கத்தில் நன்றாகவே எரியும். நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் க்ளோபெட்டசாலே மேலாக இருந்தது. முன்பு எழுதப்பட்ட டெஸ்டோஸ்டிரோன் களிம்பு வெறும் பெட்ரோலியம் ஜெல்லியைவிடச் சிறந்ததன்று என்று தெரிந்து கைவிடப்பட்டது. லேசருக்கு இன்னும் போதிய சான்று சேரவில்லை. பெரும் தொகை கேட்கும் இடத்தில், ஒரு ட்யூப் களிம்பை முறையாகப் பூசிப் பார்த்தாயிற்றா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடியே மூன்று மாதம் பூசினேன், எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?

மருந்து தோற்றுவிட்டது என்று முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, இடம். பார்க்க முடியாத முதியவர்களும், மூட்டுவலியால் குனிய முடியாதவர்களும் வெளுத்த பகுதிக்குப் பக்கத்தில் பூசிவருவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது அளவு, தாளைப் படித்து அஞ்சி, விரல் நுனியில் ஒட்டியதை மட்டும் தடவியிருப்பார்கள். இவை இரண்டும் சரியாக இருந்தால், ஓயாத சிறுநீர்க் கசிவு, மேலே சேர்ந்துவிட்ட பூஞ்சைத் தொற்று, மருந்திலேயே உள்ள ஏதோ ஒரு பொருளுக்கு ஒவ்வாமை ஆகியவற்றை மருத்துவர் தேடுவார். தோல் நன்றாகியும் எரிச்சல் மட்டும் நீடித்தால் அது நரம்பு சார்ந்த வலியாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டைக் கூட்டிப் பயனில்லை, மருத்துவமே வேறு.

இவற்றில் எதுவும் இல்லையென்றால், இது உண்மையிலேயே லைக்கன் ஸ்க்லிரோசஸ்தானா, இல்லை லைக்கன் பிளேனஸ் போன்ற வேறு நோயா, புற்றுநோய் மாற்றமா என்பதைப் பயாப்சி சொல்ல வேண்டும். அடுத்த முறை வரும்போது காலியான ட்யூப்களையும் நடுவில் கடையில் வாங்கிப் பூசிய மற்ற கிரீம்களையும் ஒன்றுவிடாமல் பையில் போட்டு எடுத்து வாருங்கள். எவ்வளவு மருந்து எத்தனை நாளில் தீர்ந்தது என்பதை அவற்றைப் பார்த்தே மருத்துவர் தெரிந்துகொள்வார்.